காற்றுத்தூரிகைக் காற்றமுக்கியின் பராமரிப்பு

காற்றுத்தூரிகைக் காற்றமுக்கி என்பது, காற்றுத்தூரிகை கொண்டு வண்ணம் தீட்டுவதற்குத் தேவையான அழுத்தக் காற்றை உருவாக்கித் தரும் சிறு பொறி ஆகும். கடைகளில் இது ஏர் பிரஷ் கம்ப்ரசர் என்னும் பெயரில் விற்கப்படுகின்றது. வானூர்தி, கப்பல், தொடர்வண்டி முதலியவற்றின் சிற்றுருக்களைச் செய்வோரும், ஓவியர்களும், அணிச்சல் அலங்கரிப்போரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். அளவில் சிறியதாகவும் ஓசை குறைந்ததாகவும் இருப்பதால் இது ஒரு வீட்டுப் பொருளாகவே கருதப்படுவதுண்டு. ஆயினும் இதில் பொருத்தப்பட்டுள்ள கலன் ஓர் அழுத்தக் கலன் ஆகும். காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீர் பிரிந்து இக்கலனின் அடியில் தேங்குகின்றது. இந்நீரே வண்ணப்பூச்சைக் கெடுக்கின்றது. இதுவே கலனை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் செய்கின்றது. எனவே இப்பொறியின் பராமரிப்பில் முதன்மையானது நீரை வெளியேற்றுதல் ஆகும்.

வரலாறு

1876 இல் ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பிரான்சிசு எட்கர் சிட்டான்லி, நிழற்படங்களுக்கு வண்ணமூட்டப் பயன்படும் தூவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் தம் இரட்டையரான சகோதரருடன் இணைந்து நீராவித் தானுந்துகளை உருவாக்கியவரும் இவரே. 1879 இல் ஆப்னர் பீலர் என்பவர் உருவாக்கிய கருவிக்கு, கையால் இயக்கப்படும் காற்றமுக்கி ஒன்று காற்றை அளித்தது. 1893 இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் சார்லசு பர்டிக் வடிவமைத்த காற்றுத்தூரிகை காட்சிக்கு வைக்கப்பட்டது. காற்றும் வண்ணமும் கருவியின் உள்ளேயே கலக்கும் அந்த அமைப்பு, இன்றைய காற்றுத்தூரிகைகளுக்கு முன்னோடி ஆகும். கையாலும் காலாலும் இயக்கப்பட்ட அமுக்கிகளின் இடத்தைப் பிற்காலத்தில் மின்னோடியால் இயங்கும் அமுக்கிகள் பிடித்துக்கொண்டன.

அமைப்பும் செயற்பாடும்

பொழுதுபோக்குக் கலைஞர்களிடையே பரவலாகக் காணப்படும் அமுக்கி, ஏறத்தாழ 1/6 குதிரைத்திறன் கொண்ட மின்னோடியையும் 3 லிட்டர் கொள்ளளவுள்ள கலனையும் உடையது. ஏஎசு-186 என்னும் மாதிரி இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். இத்தகைய அமுக்கியில் காற்று செல்லும் வழி பின்வருமாறு:

1. வெளிக்காற்று, உள்ளிழு வடிகட்டி வழியாக உருளைக்குள் நுழைகின்றது.
2. உந்துருளி அதனை அமுக்குகின்றது. அமுக்கப்படும்போது காற்று சூடாகின்றது.
3. சூடான காற்று, ஒருவழி வால்வைக் கடந்து கலனை அடைகின்றது.
4. கலனிலிருந்து நீர்ப்பிடிப்பான், அழுத்தச் சீராக்கி ஆகியவற்றின் வழியாகக் குழாயை அடைந்து, காற்றுத்தூரிகைக்குச் செல்கின்றது.

கலனின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார் அளவுக்குக் குறைந்தால் அழுத்த நிலைமாற்றி மின்னோடியை இயக்குகின்றது. 4 பார் அளவை எட்டியதும் நிறுத்திவிடுகின்றது. வண்ணம் தூவுவதற்குப் பொதுவாக 1 முதல் 2 பார் வரையிலான அழுத்தமே போதுமானது. 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எசு.ஐ. ஆகும்.

வகைகள்

மென்தகட்டு அமுக்கி: உந்துருளிக்குப் பதிலாக ஒரு மீள்மத் தகடு மேலும் கீழும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. பெரும்பாலும் இதில் கலன் இருப்பதில்லை. எனவே காற்று துடிப்புடன் வெளிவரும். நாளடைவில் தகடு விறைத்தோ கிழிந்தோ போகும்.

எண்ணெயில்லா உந்துருளி அமுக்கி: உந்துருளியின் விளிம்பில் டெஃப்லான் கலந்த கிண்ண வடிவ வளையம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது தானே வழுக்கும் தன்மை உடையதால் எண்ணெய் தேவையில்லை. இன்று மிகுதியாக விற்பனையாகும் வகை இதுவே.

எண்ணெய் அமுக்கி: குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதைப் போன்று மூடிய கூட்டுக்குள் எண்ணெயுடன் இயங்கும் அமுக்கி ஆகும். ஓசை மிகக் குறைவு. ஆனால் எடை மிகுதி. எண்ணெய் மட்டத்தைக் கவனித்தல் வேண்டும்.

அமுக்கப்பட்ட காற்றில் நீர்

காற்றில் எப்பொழுதும் நீராவி உண்டு. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு கன மீட்டர் வெளியில் இருக்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெளியில் காற்று எந்த அழுத்தத்தில் இருந்தாலும் இவ்வெல்லை ஏறத்தாழ மாறுவதில்லை. 30 பாகை செல்சியசில் அது ஏறத்தாழ 30 கிராம் ஆகும். காற்றை அமுக்கிச் சிறிய வெளிக்குள் அடைக்கும்போது நீராவிக்குரிய இடமும் சுருங்குவதால், எஞ்சிய நீராவி நீராக மாறியாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். வெப்பநிலை 30 பாகை, சார்பு ஈரப்பதன் 70 விழுக்காடு எனக் கொள்க. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர நகரங்களில் இது வழக்கமான நிலையே. அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். அழுத்தமானி 4 பார் காட்டும்போது, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து உண்மையான அழுத்தம் 5 பார் ஆகும். எனவே அந்த ஒரு கன மீட்டர் காற்று, மீண்டும் 30 பாகைக்குக் குளிர்ந்த பின் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். அவ்விடத்தில் 6 கிராம் நீராவியே இருக்க முடியும். மீதமுள்ள ஏறத்தாழ 15 கிராம் நீராகப் பிரியும்.

நிமிடத்திற்கு 15 லிட்டர் காற்றைப் பயன்படுத்தும் காற்றுத்தூரிகை ஒரு மணி நேரத்தில் 0.9 கன மீட்டர் காற்றைச் செலவழிக்கும். அதன்படி ஒரு மணி நேர வேலையில் பிரியக்கூடிய நீர் ஏறத்தாழ 14 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இது பொறியின் குறைபாடு அன்று. புத்தம்புதிய அமுக்கியிலும், விலையுயர்ந்த அமுக்கியிலும் இவ்வாறே நிகழும்.

கலனில் துரு

பிரிந்த நீர் எஃகுக் கலனின் அடியில் தேங்குகின்றது. அங்கே நீரும், அழுத்தம் மிகுந்த காற்றின் உயிர்வாயுவும் எஃகுடன் சேர்வதால் துரு விரைவாக உண்டாகின்றது. கலனின் வெளிப்புறம் வண்ணம் பூசப்பட்டுப் பளபளப்பாகவே இருக்கும். உட்சுவர் மெலிந்து வருவது வெளியே தெரிவதில்லை.

மெலிந்த சுவர் தாங்க வேண்டிய விசை சிறிதன்று. 4 பார் அழுத்தம் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 4 கிலோகிராம் எடை அழுத்துவதற்கு ஒப்பாகும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள கலனின் மூடிப் பகுதி ஒன்றின் மீது மொத்தம் ஏறத்தாழ 450 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை செயற்படுகின்றது. பெரும்பாலான கலன்களில் துரு முதலில் ஊசித்துளை ஒன்றை உண்டாக்கும். காற்று சீறிக்கொண்டு வெளியேறும். ஆனால் எப்பொழுதும் அவ்வாறே நிகழும் என்று கொள்ள இயலாது. நீண்ட பகுதியொன்று மெலிந்திருந்தால் கலன் ஒரே நொடியில் கிழிந்துவிடக்கூடும்.

தொழிற்சாலைகளில் உள்ள பெரிய கலன்களைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை ஆய்வாளர்கள் சோதிக்கின்றனர். சிறு கலன்களுக்குப் பொதுவாக அத்தகைய சோதனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எளிய அழுத்தக் கலன்களுக்கான 2014 ஆம் ஆண்டு விதிமுறை, கலனின் உச்ச அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கி, அத்தொகை 50 பார்-லிட்டருக்கு மேற்பட்டால் மட்டுமே தனது முழுமையான பாதுகாப்புத் தேவைகளை வலியுறுத்துகின்றது. 8 பார் தாங்கும் 3 லிட்டர் கலனுக்கு அத்தொகை 24 மட்டுமே. அதாவது இக்கலனை இடையிடையே ஆய்வு செய்யக்கூடியவர் அதன் உரிமையாளர் ஒருவரே ஆவார்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

- வடியும் நீர் பழுப்பு நிறமாக இருத்தல், அல்லது அதில் துருத்துகள்கள் காணப்படுதல்
- கலனின் அடிப்பகுதியிலோ, பற்றவைத்த இணைப்புகளிலோ வண்ணம் கொப்பளித்தல்
- சோப்பு நீர் தடவும்போது கலனின் சுவரிலேயே குமிழ் தோன்றுதல்

நீர் சற்றே மங்கிய நிறத்தில் வடிவது அரிதன்று. ஆனால் துருத்துகள்கள் தொடர்ந்து வந்தால் கலனை மாற்றுதல் வேண்டும். சுவரிலேயே குமிழ் தோன்றினால் உடனே அழுத்தத்தை வெளியேற்றி, பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். துளை விழுந்த கலனைப் பற்றவைத்தோ, பசை கொண்டு அடைத்தோ மீண்டும் பயன்படுத்தலாகாது. துளையைச் சுற்றியுள்ள சுவரும் மெலிந்தே இருக்கும். நீர் வடிகால்களுக்குப் பயன்படும் பி.வி.சி. குழாய்களைக் கொண்டு மாற்றுக் கலன் செய்துகொள்வதும் தீங்கானது. எஃகு பெரும்பாலும் கிழியும், பி.வி.சி. கூரிய சில்லுகளாகச் சிதறும்.

நீரை வடித்தல்

கலனின் அடியில் ஒரு வடிகால் வால்வு அல்லது திருகு இருக்கும். ஒவ்வொரு நாள் வேலையின் முடிவிலும் பின்வருமாறு செய்தல் நன்று.

1. மின்னிணைப்பைத் துண்டிக்கவும்.
2. காற்றுத்தூரிகை வழியாகக் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை ஏறத்தாழ 1 பார் அளவுக்குக் குறைக்கவும். முழு அழுத்தத்தில் வால்வைத் திறந்தால் நீரும் துருவும் முகத்தில் தெறிக்கக்கூடும்.
3. வால்வின் கீழ் ஒரு துணியையோ கிண்ணத்தையோ வைத்து, வால்வை மெல்லத் திறக்கவும். வடிகால் துளை தாழ்வான பக்கத்தில் இருக்குமாறு பொறியைச் சற்றுச் சாய்க்கலாம். எண்ணெய் அமுக்கியைச் சாய்க்கலாகாது.
4. நீர் நின்ற பின்னும் வால்வை மூடாமல் அடுத்த பயன்பாடு வரை திறந்தே விடவும். உட்புறம் ஓரளவு உலர இது உதவும்.

வடிந்த நீரைத் துணியில் தேய்த்து நிறத்தைப் பார்ப்பது, கலனின் உட்புறத்தை அறிய எளிய வழியாகும்.

நீர்ப்பிடிப்பானும் சீராக்கியும்

நீர்ப்பிடிப்பான் காற்றைச் சுழலச் செய்து, அதிலுள்ள நீர்த்துளிகளைக் கிண்ணத்தின் சுவரில் மோதவிட்டுப் பிரிக்கின்றது. இது துளிகளை மட்டுமே பிடிக்கும், நீராவியைப் பிடிப்பதில்லை. நீண்ட நேரம் இடைவிடாமல் வேலை செய்யும்போது கலனும் குழாய்களும் சூடாகிவிடுவதால், நீர் ஆவியாகவே நீர்ப்பிடிப்பானைக் கடந்து, குளிர்ந்த குழாயினுள் துளியாக மாறுகின்றது. அரைமணி நேரம் நன்றாக வேலை செய்த காற்றுத்தூரிகை திடீரென்று நீரை உமிழ்வதற்குக் காரணம் இதுவே. இடையிடையே பொறிக்கு ஓய்வு தருதல், காற்று குளிர இடம் தரும் நீளமான குழாயைப் பயன்படுத்துதல், காற்றுத்தூரிகைக்கு அருகில் இன்னொரு சிறு நீர்ப்பிடிப்பானைப் பொருத்துதல் ஆகியன இதற்குத் தீர்வுகள் ஆகும்.

நீர்ப்பிடிப்பான் சீராக்கிக்கு முன்னால் அமைவதே முறை. உயர் அழுத்தத்தில் நீர் எளிதில் பிரியும். பின்னர் சீராக்கி அழுத்தத்தை 4 பாரிலிருந்து 1.5 பாருக்குக் குறைக்கும்போது, உண்மையான அழுத்தம் 5 பாரிலிருந்து 2.5 பார் ஆகின்றது. வெப்பநிலை மாறாதிருப்பின், காற்றின் சார்பு ஈரப்பதனும் பாதியாகக் குறைந்துவிடும்.

நீர்ப்பிடிப்பானின் கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட்டு என்னும் ஒளிபுகும் நெகிழியால் ஆனது. இதனைத் தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பான்களால் துடைக்கலாகாது. அவை நெகிழியில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளை உண்டாக்கும். பின்னர் அழுத்தம் ஏறும்போது கிண்ணம் உடைந்து தெறிக்கக்கூடும். தூரிகை கழுவிய கையோடு கிண்ணத்தையும் தின்னரால் துடைப்பது இயல்பாக நேரும் தவறாகும். வெதுவெதுப்பான சோப்பு நீரே போதுமானது. மங்கலோ, நுண்கோடுகளோ தென்பட்டால் கிண்ணத்தை மாற்றுதல் வேண்டும்.

உள்ளிழு வடிகட்டி

வடிகட்டியில் உள்ள பஞ்சு, தூசியையும் காற்றில் மிதக்கும் வண்ணத் துகள்களையும் தடுக்கின்றது. அது அடைபட்டால் அமுக்கி போதிய காற்றை இழுக்க இயலாமல் நெடுநேரம் ஓடிச் சூடாகும். நுரைப்பஞ்சாக இருந்தால் மாதம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்ந்த பின் பொருத்தலாம். கம்பளித் தகடாகவோ தாளாகவோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். வடிகட்டி இல்லாமல் பொறியை இயக்கலாகாது. உள்ளே செல்லும் துகள்கள் கிண்ண வளையத்தையும் உருளைச் சுவரையும் தேய்த்துவிடும்.

உந்துருளி வளையம்

எண்ணெயில்லா அமுக்கியில் கிண்ண வளையம் தேய்வது இயற்கையே. அதற்கு எண்ணெயோ மசகோ இடலாகாது. அவை தூசியைப் பிடித்து வைத்துத் தேய்மானத்தைக் கூட்டுவதோடு, காற்றுடன் கலந்து வண்ணப்பூச்சில் மீன்கண் போன்ற வட்டங்களையும் உண்டாக்கும்.

தேய்மானத்தை அறிய ஒரு கடிகாரம் போதும். பொறி புதிதாக இருக்கும்போது, வெறும் கலன் 4 பார் அழுத்தத்தை எட்ட எத்தனை நொடிகள் ஆகின்றன என்று அளந்து, கலனின் மேல் எழுதி வைக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதனை மீண்டும் அளந்து ஒப்பிடலாம். கசிவு இல்லாமல், வடிகட்டியும் தூய்மையாக இருக்கையில் நேரம் வெகுவாகக் கூடியிருந்தால், வளையமோ உருளைத் தலையில் உள்ள தகட்டு வால்வுகளோ தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். பல மாதிரிகளுக்கு வளையம் தனியாகக் கிடைக்கின்றது.

எண்ணெய்

எண்ணெய் அமுக்கியில் பார்வைக் கண்ணாடியில் குறிக்கப்பட்ட மட்டம் வரை எண்ணெய் இருத்தல் வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்படுகின்றது. தயாரிப்பாளர் குறிப்பிடும் எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். தானுந்துகளின் இயந்திர எண்ணெய் இதற்கு ஏற்றதன்று. அதில் உள்ள தூய்மையாக்கிகள் நீரை எண்ணெயுடன் கலக்கச் செய்யும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். பொறியை எப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

கசிவைக் கண்டறிதல்

கலனை நிரப்பி, மின்னிணைப்பைத் துண்டித்து, காற்றுத்தூரிகையைப் பயன்படுத்தாமல் பத்து நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சூடான காற்று குளிர்வதால் இந்நேரத்தில் அழுத்தம் சற்றுக் குறைவது இயல்பு. அது கசிவு அன்று. அதன் பின்னர் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அரைமணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக் குமிழ் தோன்றும் இடத்தைக் காணலாம். மின்கூறுகள் மேல் சோப்பு நீர் படலாகாது. திருகு இணைப்பில் கசிவு இருந்தால், அழுத்தம் முழுவதையும் வெளியேற்றிய பின்னரே அதனைக் கழற்றி, டெஃப்லான் நாடா சுற்றி மீண்டும் முடுக்க வேண்டும்.

பாதுகாப்பு வால்வு

அழுத்த நிலைமாற்றி பழுதடைந்து மின்னோடி நிற்காமல் ஓடினால், மிகையான காற்றை வெளியேற்றிக் கலனைக் காப்பது பாதுகாப்பு வால்வு ஆகும். நீண்ட நாள் இயங்காமல் இருந்தால் இது துருவால் ஒட்டிக்கொள்ளக்கூடும். எனவே மாதம் ஒருமுறை, கண்ணாடி அணிந்துகொண்டு, கலனில் அழுத்தம் இருக்கும்போது வால்வின் வளையத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று சீறி வெளியேறி, விட்டதும் நின்றுவிட்டால் வால்வு நன்றாக உள்ளது. கசியும் பாதுகாப்பு வால்வை மரையாணி கொண்டு அடைப்பது கலனின் கடைசிக் காப்பையும் அகற்றுவது ஆகும். அதே அழுத்த அளவு பொறிக்கப்பட்ட வேறொரு வால்வையே பொருத்த வேண்டும்.

மின்னிணைப்பும் இடமும்

மெல்லிய, நீளமான நீட்டிப்புக் கம்பிகளில் மின்னழுத்தம் குறைந்துவிடும். மின்னோடியின் தொடக்க முறுக்கம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் முறுக்கம் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். மின்னோடி சுழலாமல் உறுமிச் சூடாகும். எனவே மின்கம்பியை நீட்டுவதை விடக் காற்றுக்குழாயை நீட்டுவது சிறந்தது.

அழுத்த நிலைமாற்றியில் சிறு மின்பொறிகள் தோன்றுவதுண்டு. கரைப்பான் கலந்த வண்ணங்களைத் தூவும்போது அவற்றின் ஆவி தீப்பற்றக்கூடியது ஆதலால், பொறியைத் தூவும் இடத்திலிருந்து விலக்கி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வண்ணத் துகள்கள் வடிகட்டியை அடைவதையும் இது தடுக்கும்.

பொதுவான குறைகளும் காரணங்களும்

- மின்னோடி உறுமுகின்றது, சுழலவில்லை: மின்னழுத்தக் குறைவு, அல்லது ஒருவழி வால்வு கசிந்து, கலனின் காற்று உந்துருளியை எதிர்த்து அழுத்துதல்.
- பொறி நின்றபின் நிலைமாற்றியிலிருந்து காற்று தொடர்ந்து சீறுகின்றது: ஒருவழி வால்வில் கசிவு. நிற்கும் கணத்தில் மட்டும் கேட்கும் குறுகிய சீறல், பல அமுக்கிகளில் இயல்பானது.
- பயன்படுத்தாதபோதும் அடிக்கடி இயங்குகின்றது: இணைப்புகளில் கசிவு.
- இடையில் தானே நின்று, ஆறிய பின் இயங்குகின்றது: வெப்பக் காப்பு செயற்படுதல், ஓய்வு தேவை.
- காற்றுத்தூரிகை நீரை உமிழ்கின்றது: நீர்ப்பிடிப்பான் நிரம்பியிருத்தல், அல்லது பொறி மிகச் சூடாகியிருத்தல்.

பராமரிப்புக் கால அட்டவணை

- ஒவ்வொரு பயன்பாட்டிற்குப் பின்னும்: கலனிலும் நீர்ப்பிடிப்பானிலும் உள்ள நீரை வடித்தல்.
- மாதம் ஒருமுறை: உள்ளிழு வடிகட்டி, பாதுகாப்பு வால்வு, கசிவு ஆகியவற்றைச் சோதித்தல்.
- மூன்று மாதங்களுக்கு ஒருமுறை: கலன் நிரம்பும் நேரத்தை அளத்தல், நிலைமாற்றி இயக்கும், நிறுத்தும் அழுத்தங்களைச் சரிபார்த்தல், திருகுகளையும் மீள்மக் கால்களையும் பார்த்தல்.
- ஆண்டுக்கு ஒருமுறை: எண்ணெய் மாற்றுதல்; கலனின் அடிப்பகுதி, நீர்ப்பிடிப்பானின் கிண்ணம், குழாய் ஆகியவற்றில் வெடிப்போ துருவோ உள்ளதா எனக் கூர்ந்து நோக்குதல்.

இப்பணிகளுள் நாள்தோறும் செய்ய வேண்டியது ஒன்றே. அதற்கு இரண்டு நிமிடங்களே ஆகும். வளையம், வடிகட்டி, வால்வு ஆகியவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். துருவால் மெலிந்த சுவரை மட்டும் மீட்க இயலாது.

கலைச்சொற்கள்

- காற்றுத்தூரிகை – ஏர் பிரஷ்
- காற்றமுக்கி – ஏர் கம்ப்ரசர்
- கலன் – டேங்க்
- உந்துருளி – பிஸ்டன்
- மென்தகடு – டயாஃப்ரம்
- நீர்ப்பிடிப்பான் – மாய்ஸ்சர் டிராப்
- அழுத்தச் சீராக்கி – ரெகுலேட்டர்
- அழுத்த நிலைமாற்றி – பிரஷர் சுவிட்ச்
- ஒருவழி வால்வு – செக் வால்வு
- பாதுகாப்பு வால்வு – சேஃப்டி வால்வு
- வடிகால் வால்வு – டிரெயின் வால்வு

இவற்றையும் பார்க்க

- அழுத்தக் கலன்
- சார்பு ஈரப்பதன்
- துருப்பிடித்தல்
- மின்னோடி